தொடைப் பின்தசைக் கிழிசல்: வலி போய்விட்டது, ஓட்டத்தை எந்தப் படியிலிருந்து தொடங்குவது?

வளைவோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். நான் 200 மீட்டர் ஓடுபவன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற மாதம் பயிற்சியில் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் வரும் இடத்தில் இடது தொடையின் பின்பக்கம் சுரீரென்று இழுத்தது. அதற்கு மேல் ஓர் அடிகூட ஓட முடியவில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த மருத்துவர், பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற பின்தொடைத் தசையின் நீளத் தலையில் (அதன் இரண்டு பிரிவுகளில் நீளமானதில்), தசையும் தசைநாரும் சேரும் இடத்தில் இரண்டாம் நிலைக் கிழிசல் என்றார். தசைநாருக்குச் சேதம் இல்லையாம். மூன்று வாரம் ஓய்வெடுத்துவிட்டு மெல்ல ஓடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று வாரமும் முடிந்துவிட்டது. நடக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன், மெதுவோட்டம் ஓடுகிறேன், எதிலும் வலி இல்லை. ஆனால் சற்று வேகத்தைக் கூட்டினால் அதே இடத்தில் ஓர் இறுக்கம். அதைவிட, காலை முழுதாக வீசவே மனம் வரவில்லை. பல்கலைக்கழக அணித் தேர்வு நெருங்குகிறது. 'மெல்ல ஓடலாம்' என்பதற்கும் போட்டியில் ஓடுவதற்கும் நடுவில் என்னென்ன செய்ய வேண்டும்? ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகலாம் என்று எதை வைத்து முடிவு செய்வது?

போனஸ்கோடு

தம்பி, நான் கபடியில் ரெய்டர். எங்கள் ஊர்ப்பக்கம் தொடை இழுத்தால் முதல் வேலையாக எண்ணெய் காய்ச்சி உருவிவிடுவார்கள். அதன்பிறகு காலை நீட்டி, குனிந்து விரலைத் தொட்டுத் தொட்டு இளக்கச் சொல்வார்கள். எங்கள் அணியில் பலர் அப்படித்தான் மறுபடி ஆட வந்தார்கள். ஆனால் அதே ஆட்களுக்கு அதே காலில் அடுத்தடுத்த போட்டிகளில் திரும்பவும் இழுக்கிறது. அது ஏன் என்று தெரிந்தவர்கள் சொன்னால் எனக்கும் உதவும்.

களப்பிசியோ

தடகள வீரர், வீராங்கனைகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். இருவர் கேள்விக்கும் வேர் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தொடையின் பின்பக்கத் தசைகள் மூன்று: பைசெப்ஸ் ஃபெமோரிஸ், செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ். பைசெப்ஸின் குட்டைத் தலை ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம், நாம் உட்காரும்போது அழுந்தும் இடுப்பெலும்பு முனையில் தொடங்கி, முழங்காலைக் கடந்துபோய் ஒட்டுகின்றன. முழு வேக ஓட்டத்தில் கால் முன்னே வீசப்பட்டு, பாதம் தரையில் படுவதற்குச் சற்று முன்பு, பறந்துவரும் கீழ்க்காலை இழுத்து நிறுத்துவது இந்தத் தசைகள்தான். நீண்டுகொண்டே இழுக்க வேண்டிய வேலை அது. மூன்றிலும் அதிகமாக நீள்வது பைசெப்ஸின் நீளத் தலை. வேக ஓட்டக்காரர்களுக்கு அங்கேயே கிழிவது அதனால்தான்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேகம் 80 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்கு ஏறும்போது தசையின் சுமை அதே விகிதத்தில் ஏறுவதில்லை. அதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. மெதுவோட்டத்தில் வலிக்கவில்லை என்பதிலிருந்து முழு வேகத்தை அந்தத் தசை தாங்குமா என்று எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. தம்பி, உங்களுக்கு வரும் இறுக்கமும் தயக்கமும் கற்பனை அல்ல. வலி தீர்ந்துவிட்டது. நீண்ட நிலையில் இழுக்கும் வலிமை இன்னும் திரும்பவில்லை.

ஓய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017இல் டென்மார்க்கில் தொடை, கெண்டைக்கால் தசை கிழிந்த 50 பொழுதுபோக்கு விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு காயம்பட்ட 2 நாளில் பயிற்சியைத் தொடங்கியது, இன்னொன்று 9 நாள் கழித்துத் தொடங்கியது. பயிற்சி இரண்டுக்கும் ஒன்றேதான். முந்தித் தொடங்கியவர்கள் சராசரியாக 62.5 நாளில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள், பிந்தியவர்கள் 83 நாளில். ஒரு வார ஓய்வு கிட்டத்தட்ட மூன்று வாரத்தைத் தின்றிருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் காலைக் காப்பாற்ற வேண்டும், அழுத்தக் கட்டுப் போட வேண்டும், நொண்டாமல் நடக்க முடிகிற அளவுக்கு நடக்க வேண்டும். அந்த நாட்களில் அழுத்தி உருவக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, வலிக்க வலிக்க நீட்டக் கூடாது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தை அழுத்தித் தேய்த்தால் கசிவுதான் கூடும்.

களப்பிசியோ

(தொடர்ச்சி)

முதல் படி, தசையை அசைக்காமல் இழுக்கப் பழக்குவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குதிகாலைத் தரையில் அழுத்திப் பிடிப்பது. பிறகு இரண்டு காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ். நிலைச் சைக்கிள் இருந்தால் மிதிக்கலாம். சாதாரணமாக நடக்க முடிந்து, இந்த அழுத்தங்களில் வலி மிகக் குறைவாக இருந்தால் இந்தப் படி முடிந்தது. சிலருக்கு இரண்டே நாளில் முடியும், சிலருக்கு ஒரு வாரம் போகும். தம்பி, நீங்கள் இதைத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாம் படிதான் காயத்திலிருந்து மீள்வதில் மையமான பகுதி. இதைத்தான் நம் களங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தசையை நீட்டிக்கொண்டே சுமையேற்றுவது இங்கே தொடங்குகிறது. ஸ்வீடன் ஆய்வாளர் கார்ல் ஆஸ்க்ளிங் வகுத்த மூன்று பயிற்சிகள் இதற்குப் புகழ்பெற்றவை. எந்தக் கருவியும் வேண்டாம்.

எக்ஸ்டெண்டர்: மல்லாந்து படுங்கள். காயம்பட்ட காலின் தொடையை இரு கைகளாலும் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். முழங்காலை மெல்ல நீட்டுங்கள். வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்தி மடக்குங்கள். 12 முறை வீதம் 3 சுற்று, நாளுக்கு இரண்டு வேளை.

டைவர்: காயம்பட்ட காலில் நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, இரு கைகளையும் முன்னே நீட்டியபடி உடலைச் சாய்த்து, மற்ற காலைப் பின்னால் உயர்த்துங்கள். மிக மெதுவாகச் செய்ய வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 6 முறை வீதம் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

கிளைடர்: ஒரு கையால் ஏதாவதொன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எடை முழுவதும் முன்னே இருக்கும் காயம்பட்ட காலின் குதிகாலில் இருக்க வேண்டும். மற்ற பாதத்தில் துண்டோ காலுறையோ மாட்டிக்கொண்டு, வழவழப்பான தரையில் அதைப் பின்னால் வழுக்கிச் செல்லவிடுங்கள். வலிக்கு முன்பே நிறுத்தி, கைகளின் உதவியால் பழைய நிலைக்கு வாருங்கள். 4 முறை வீதம் 3 சுற்று, மூன்று நாளுக்கு ஒருமுறை. நம் வீட்டு டைல்ஸ் தரை இதற்கு அருமையாகப் பொருந்தும்.

2013இல் வெளியான ஆய்வில் 75 ஸ்வீடன் கால்பந்து வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இந்த மூன்றையும் செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் முழுப் பயிற்சிக்குத் திரும்பினார்கள். தசையை நீட்டிச் சுமையேற்றுவதற்கு அவ்வளவு முக்கியத்துவம் தராத வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள் ஆனது. அடுத்த ஆண்டு 56 வேக ஓட்டக்காரர்கள், தாண்டுபவர்களிடம் செய்ததில் 49 நாளும் 86 நாளும். ஓட்டக்காரருக்குக் கால்பந்து வீரரைவிட நெடுநாள் பிடித்ததைக் கவனியுங்கள். உங்கள் தசையிடம் நீங்கள் கேட்கும் வேகம் அதிகம்.

இதோடு ஒற்றைக்கால் பிரிட்ஜ், டம்பெல் பிடித்துக் குனியும் ரோமானியன் டெட்லிஃப்ட், பக்கவாட்டு ஓட்டம், கால் மாற்றி மாற்றிப் போடும் கேரியோகா, மெல்லக் கூடும் வேக ஓட்டம் எல்லாம் சேரும்.

போனஸ்கோடு அண்ணா, உங்கள் கேள்விக்கு 2004இல் அமெரிக்காவில் ஷெர்ரியும் பெஸ்ட்டும் செய்த சிறிய ஆய்வு நேராகவே பதில் சொல்கிறது. ஒரு குழுவுக்குத் தசையை நீட்டுவதும் தனித்தனி வலுப்பயிற்சியும். இன்னொரு குழுவுக்குப் படிப்படியான துரித அசைவுகளும் நடுவுடல் கட்டுப்பாட்டுப் பயிற்சியும். களம் திரும்பிய இரண்டே வாரத்தில் முதல் குழுவின் 11 பேரில் 6 பேருக்கு மறுபடி இழுத்தது. இரண்டாம் குழுவின் 13 பேரில் ஒருவருக்கும் இழுக்கவில்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நாங்கள் களத்தில் தினம் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. நீட்டி இளக்கிய தசை குனியும்போது வலிக்காமல் இருக்கும், ஓடும்போது நிறுத்தத் தெரியாமல் இருக்கும்.

மூன்றாம் படியை ஓட்டத்தைப் பற்றிய தனிப் பதிவாக எழுதுகிறேன்.

வளைவோட்டம்

அக்கா, மிக்க நன்றி. எழுதும் முன் ஒன்று சொல்லுங்கள். பயிற்சியில் வலி கொஞ்சம்கூட வரக்கூடாதா? எங்கள் விடுதியில் ஒருவர், வலி வந்தால் உடனே நிறுத்து என்கிறார். இன்னொருவர், வலி இல்லாமல் எதுவும் வராது என்கிறார்.

களப்பிசியோ

பத்துக்கு நான்கு வரை பொறுக்கலாம். 2020இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஒரு குழுவை வலியே இல்லாமலும் இன்னொரு குழுவை நான்கு வரை வலியை அனுமதித்தும் பயிற்சி செய்யவைத்தார்கள். திரும்பும் நாளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வலியை அனுமதித்த குழுவுக்கு வலிமை நன்றாகத் திரும்பியிருந்தது, மறுகாயம் கூடவும் இல்லை. ஆஸ்க்ளிங் பயிற்சிகளை மட்டும் அவர் சொன்னபடி வலி தொடங்கும் எல்லைக்குள் செய்யுங்கள்.

அன்றைய வலியைவிட மறுநாள் காலையைப் பாருங்கள். படுக்கையை விட்டு எழுந்து முதல் பத்து அடி நடக்கும்போது நேற்றைவிட இறுக்கம் கூடியிருந்தால் அன்று மேலே போக வேண்டாம், அதே படியில் நில்லுங்கள்.

மண்தடம்

நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். களப்பிசியோ அவர்கள் எழுதியதில் தவறொன்றும் காணவில்லை, ஆனால் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குக் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, பிறகு பாரதியார் தினம், குடியரசு தின விளையாட்டு விழா என்று நாட்கள் முன்கூட்டியே குறித்துவிடப்பட்டிருக்கும். ஒரு பிள்ளை குறுவட்டத்தில் ஓடாவிட்டால் அந்த ஆண்டு மாவட்டமே இல்லை. ஒரு சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எம்ஆர்ஐக்கு எங்கே போவது? பிசியோதெரபிஸ்ட்டே இல்லாத ஊர்களில் 'தேறினால்தான் அடுத்த படி' என்பதை யார் தேறவைத்துப் பார்ப்பது? இதனால்தான் நாங்கள் மூன்று வாரம், நான்கு வாரம் என்று நாட்கணக்குச் சொல்கிறோம். பிள்ளையிடம் அலட்சியம் காட்டவில்லை.

களப்பிசியோ

ஐயா, நீங்கள் சொல்வது உண்மையான நெருக்கடி. அந்தப் பிள்ளைகளுக்காகவே இந்த இழையில் இவ்வளவு எழுதுகிறேன். கருவி இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன, அவற்றை நீங்களே மைதானத்தில் செய்யலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

பதின்பருவத்தில், இந்தப் பின்தசைகள் தொடங்கும் இடுப்பெலும்பு முனை முழுதாக எலும்போடு கூடியிருக்காது. வளர்குருத்தெலும்பு வழியாக ஒட்டியிருக்கும், இருபது வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோகூடத்தான் முழுதாகக் கூடும். பெரியவர்களுக்குத் தசை கிழியும் அதே இழுப்பில் பிள்ளைகளுக்கு அந்த எலும்பு முனையே பெயர்ந்து வரலாம். வலி தொடையின் நடுவில் இல்லாமல் பிட்டத்தின் அடியில் இருந்தால், உட்காரவே வலித்தால், 'டக்' என்று சத்தம் கேட்டது என்று பிள்ளை சொன்னால், அதைத் தசைக் கிழிசல் என்று வைத்துப் பயிற்சி கொடுக்கக் கூடாது. ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுங்கள். எம்ஆர்ஐ வேண்டியதில்லை, மாவட்ட அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரேயிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கும் பிட்டத்தடியில் சத்தம், தொடை முழுதும் கருநீலமாக இரத்தம் கட்டுவது, ஊன்றி நடக்கவே முடியாதது, காலில் மரத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் எலும்பு மருத்துவர், பிறகு நான்.

இனி சோதனைகள். மல்லாந்து படுத்து, நாற்காலி உயரத்துக்கு ஒரு பெட்டியில் ஒரு குதிகாலை வையுங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும், மற்ற கால் மேலே நிற்கட்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். முடியாமல் போகும் வரை எண்ணுங்கள், இரண்டு காலுக்கும். காயம்பட்ட கால் மற்றதில் பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வேக ஓட்டம் இல்லை.

அடுத்து, மல்லாந்து தொடையைச் செங்குத்தாகப் பிடித்து முழங்காலை நீட்டும்போது பக்கவாட்டில் செல்பேசியில் ஒரு படம் எடுங்கள், இரண்டு காலுக்கும். கோணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். மூன்றாவதாக, கிழிந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே இன்னும் வலி இருந்தால் ஓட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாட்கணக்கு ஒரு மதிப்பீடாகப் பெற்றோருக்குச் சொல்லப் பயன்படும். அனுமதி கொடுப்பதற்கு இந்தச் சோதனைகள்தான்.

குறுவட்டத்துக்கு ஓடவைப்பதா என்பதில் முடிவு உங்களுடையது, பிள்ளையுடையது. ஆனால் சோதனையில் தேறாத பிள்ளை குறுவட்டத்தில் ஓடி மறுபடி கிழித்துக்கொண்டால் மாவட்டமும் போகும். இரண்டாவது கிழிசல் பெரும்பாலும் முதலாவதைவிட நெடுநாள் எடுக்கும்.

யார்க்கர்

இடையில் ஒரு கிரிக்கெட் உதாரணம். ரவீந்திர ஜடேஜாவுக்கு 2024 ஜனவரி 28 அன்று ஹைதராபாத் டெஸ்ட்டில் ரன் அவுட் ஆன ஓட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது இதே தொடைப் பின்தசை, இழுத்தது. விசாகப்பட்டினத்தில் ஆடவில்லை. பிப்ரவரி 15 அன்று ராஜ்கோட்டில் இறங்கி 112 ரன் எடுத்தார், இரண்டாம் இன்னிங்ஸில் 5 விக்கெட்டும் வீழ்த்தினார். பதினெட்டு நாள்தான்! முறையாகச் செய்தால் விரைவில் திரும்பலாம் என்பதற்கு இது சான்றில்லையா?

களப்பிசியோ

ஆம், லேசான கிழிசலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆட்களும் இருந்தால் முடியும். ஆனால் அதே பெயருள்ள காயம் வேறு விதமாகவும் போகும். அப்போது மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியில் இருந்த கெவின் டி புருய்னா 2023 ஜூன் 10 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் பாதியில் வெளியேறினார். ஆகஸ்ட் 11 அன்று பர்ன்லிக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் அதே காயம் மறுபடி. அறுவை சிகிச்சை செய்து, 2024 ஜனவரியில்தான் திரும்பினார். பென் ஸ்டோக்ஸுக்கு 2024 ஆகஸ்ட்டில் கிழிந்த இடது பின்தசை டிசம்பரில் ஹாமில்டனில் மறுபடி கிழிந்து, அதுவும் அறுவை சிகிச்சையில் முடிந்தது. உலகத் தரம் வாய்ந்த மருத்துவக் குழு இருந்தும் இப்படி.

காரணம், எங்கே கிழிந்தது என்பது. பிரிட்டன் தடகளக் குழு 2014இல் வகுத்த வகைப்பாட்டில் 0 முதல் 4 வரை எண் கிழிசலின் அளவைக் குறிக்கும். அதோடு சேரும் எழுத்து இடத்தைக் குறிக்கும்: தசையுறையா, தசையும் தசைநாரும் சேரும் இடமா, தசைநாரின் உள்ளேயா என்று. உள்தசைநார் கிழிந்தவருக்கு எல்லாப் படியும் நீளும், மறுகாயமும் அதிகம். வளைவோட்டம் தம்பிக்குத் தசைநார் தப்பித்திருக்கிறது, அது நல்ல செய்தி. ஜடேஜாவின் பதினெட்டு நாளை மட்டும் கடன் வாங்காதீர்கள்.

சலங்கை

நான் பரதநாட்டியம் ஆடுகிறேன். ஓடவே இல்லை. ஊர்த்துவ தாண்டவ நிலையில் காலைத் தூக்கி நிறுத்தும்போது பிட்டத்துக்குக் கீழே மெல்ல ஏதோ விட்டதுபோல் இருந்தது. அன்று வலியும் பெரிதாக இல்லை, மறுநாள் ஆடினேன். ஆனால் மாதக் கணக்கில் அது போகவில்லை. உட்கார்ந்தால் உறுத்துகிறது. ஓட்டக்காரர்களுக்குச் சொன்னதே எனக்கும் பொருந்துமா?

களப்பிசியோ

சலங்கை அக்கா, நீங்கள் சொன்னது பாடநூலில் இருப்பது போலவே இருக்கிறது. ஆஸ்க்ளிங் ஸ்வீடனில் நடனக் கலைஞர்களையும் ஓட்டக்காரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓட்டக்காரர்களுக்கு முதல் நாள் பெரும் வலி, நடக்கவே முடியாது, ஆனால் ஒப்பீட்டளவில் சீக்கிரம் தேறினார்கள். நடனக் கலைஞர்களுக்கு முதல் நாள் லேசாக இருந்தது, ஆனால் பழைய நிலைக்கு வரப் பலருக்கு மிக நீண்ட காலம் எடுத்தது. அவர்களுக்குக் கிழிவது செமிமெம்பிரனோசஸின் மேல் தசைநார், பிட்டத்தெலும்புக்கு மிக அருகில்.

முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டி, அந்தத் தசைநார் எலும்பிலிருந்து விடவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு, உங்களுக்கு நீட்டுவது கடைசி. முதலில் இடுப்பை நேராக வைத்துப் பிரிட்ஜ், அடுத்துக் குறைந்த சாய்வில் டெட்லிஃப்ட். வாரங்கள் போகப் போகச் சாய்வைக் கூட்டுங்கள். உட்கார்ந்து காலை நீட்டி நெற்றியால் முழங்காலைத் தொடும் பழக்கத்தை இப்போதைக்கு முழுதாக நிறுத்துங்கள். எலும்பு முனையில் தசைநார் அழுந்துவதுதான் உங்கள் உறுத்தல், நீட்ட நீட்ட அது கூடும். மெத்தையில் உட்காருங்கள், நீண்ட நேரம் தரையில் சம்மணம் போடாதீர்கள். அரைமண்டியில் அடவுகளைச் சீக்கிரமே தொடங்கலாம், அங்கே இந்தத் தசைநார் அதிகம் நீள்வதில்லை. ஊர்த்துவ தாண்டவம் எல்லாவற்றுக்கும் பிறகு.

போனஸ்கோடு அண்ணா, ரெய்டில் காலை நீட்டித் தொடும்போது உங்களுக்கும் இதே வகைக் கிழிசல் வர வழி இருக்கிறது. ஓடி இழுத்ததா, நீட்டி இழுத்ததா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பயிற்சி வகுக்க வேண்டும்.

மண்தடம்

ஒரு கேள்வி. ஊசி போட்டால் சீக்கிரம் ஆறும் என்று ஒரு பெற்றோரிடம் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் ஊசியாம்.

களப்பிசியோ

பிஆர்பி ஊசியைச் சொல்கிறார்கள். 2014இல் நெதர்லாந்தில் 80 விளையாட்டு வீரர்களிடம், பாதிப்பேருக்கு பிஆர்பி, பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர் என்று, யாருக்கு எது என்பது தெரியாதபடி போட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. இரண்டு குழுவும் திரும்பியது 42 நாளில். அந்தப் பணத்தைப் பிள்ளையின் முட்டைக்கும் பாலுக்கும் ஷூவுக்கும் செலவிடச் சொல்லுங்கள் ஐயா.

களப்பிசியோ

இப்போது மூன்றாம் படி. என் கணிப்பில் மறுகாயங்களில் பெரும்பங்கு இங்கேதான் உருவாகிறது, செய்ததால் அல்ல, செய்யாததால். உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லாம் முடித்துவிட்டு, 70 சதவீத ஓட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, முதல் முறையாக முழு வேகத்தைப் போட்டி நாளன்று தொடுகிறார்கள். முழு வேக ஓட்டமே மருந்தின் கடைசி வேளை. அதைப் பயிற்சி மைதானத்தில், புத்துணர்ச்சியோடு, நல்ல வார்ம் அப்புக்குப் பிறகு, பலமுறை கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் நேர்ப்பாதை மட்டும். 40 மீட்டர் மெல்ல வேகமெடுத்து, 20 மீட்டர் அதே வேகத்தில் போய், 40 மீட்டரில் மெல்லத் தணியுங்கள். நடு 20 மீட்டரின் வேகம் முதலில் 60, 70 சதவீதம். அடுத்த அமர்வில் வலியும் மறுநாள் இறுக்கமும் இல்லாவிட்டால் ஐந்து சதவீதம் கூட்டுங்கள். 80க்கு மேல் போனதும் கூட்டும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அமர்வுகளுக்கு நடுவே 48 மணி நேரம் விடுங்கள். வேகமெடுக்கும் தூரத்தையும் தணியும் தூரத்தையும் படிப்படியாகக் குறைப்பது அதற்குப் பிறகு. தணிவதும் ஒரு சுமை, கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்பது இந்த நாட்களில் கூடாது.

கூடவே நோர்டிக் பயிற்சி. மண்டியிட்டு, நண்பர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி முன்னால் முடிந்தவரை மெதுவாகச் சாய்ந்து, கைகளால் தரையைத் தாங்கிக்கொள்வது. காயத்தைத் தடுப்பதிலும் இதற்குச் சான்று வலுவானது. 2011இல் டென்மார்க்கின் 50 கால்பந்து அணிகள், 942 ஆட்டக்காரர்களிடம் செய்த ஆய்வில் நோர்டிக் செய்த அணிகளில் 15 காயம், செய்யாதவற்றில் 52. முன்பே காயம்பட்டவர்களுக்கு இதன் பலன் இன்னும் அதிகமாக இருந்தது.

கடைசியாக ஆஸ்க்ளிங்கின் ஒரு சோதனை. மற்ற எல்லாம் தேறிய பிறகே செய்ய வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காதபடி கட்டிவிட்டு, காலை முடிந்த மட்டும் வேகமாக, முடிந்த மட்டும் உயரமாக வீசுங்கள். முதலில் நல்ல கால், பிறகு மற்றது. வலி இல்லாவிட்டாலும், மனம் தயங்கினால், பாதி வழியில் கால் தானாக வேகத்தைக் குறைத்தால், நீங்கள் இன்னும் தயாராகவில்லை. ஒரு வாரம் பயிற்சியைத் தொடர்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். தம்பி, முதல் பதிவில் நீங்கள் எழுதிய அந்தத் தயக்கத்தை அளக்கும் சோதனை இதுதான்.

வளைவோட்டம்

அக்கா, எல்லாவற்றையும் தாளில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். நாற்காலிப் பிரிட்ஜில் இடது கால் நன்றாகவே பின்தங்கியிருக்கிறது. இதை முன்பு யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பயிற்சியாளரிடமும் காட்டினேன், வேக ஓட்டத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகம்: ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) எப்போது? வளைவு எப்போது? எனக்கு இழுத்தது வளைவை ஒட்டித்தான்.

களப்பிசியோ

வளைவில் இடது கால் உள்பக்கக் கால், அதற்கு அழுத்தம் வேறு மாதிரி. நேர்ப்பாதையில் 90 சதவீதம் தொந்தரவில்லாமல் ஓடிய பிறகு வளைவுக்கு வாருங்கள். வந்ததும் முதல் லேனில் இறங்காதீர்கள். எட்டாவது லேனில் வளைவு அகலம், அங்கே 80 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு லேனாக உள்ளே வாருங்கள். ஸ்பைக்ஸை நேர்ப்பாதை 95 சதவீதத்தைச் சாதாரண ஷூவில் தொட்ட பிறகு போடுங்கள். ஒரே நாளில் ஸ்பைக்ஸையும் வளைவையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம். பிளாக் ஸ்டார்ட் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவரை நின்றபடி தொடங்குங்கள். தேர்வுக்கு முன் முழு வேக அமர்வுகள் பல தனித்தனி நாட்களில் சிக்கலில்லாமல் முடிந்திருக்க வேண்டும்.

போனஸ்கோடு

எங்கள் அணியில் பேசிவிட்டேன். இனி உருவிவிடுவது முதல் நாட்களில் கிடையாது. நோர்டிக்கை எல்லோரும் சேர்ந்தே செய்யப் போகிறோம், மேட் இருக்கிறது, கணுக்காலைப் பிடிக்க ஆளும் இருக்கிறது. எத்தனை செய்வது?

களப்பிசியோ

மகிழ்ச்சி அண்ணா. முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 முறை வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம் 2 சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 முறை வீதம் 3 சுற்று. நான்காம் வாரம் 8 முதல் 10. ஐந்தாம் வாரத்திலிருந்து 12, 10, 8 என்று மூன்று சுற்று. முதல் வாரத்தில் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை கடுமையாகக் கடுக்கும். அது கிழிசல் அல்ல என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப்பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள். ஆட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு நாட்களில் வேண்டாம். இப்போது காலில் வலி இருப்பவர் யாராவது இருந்தால் அவரை நோர்டிக்கில் சேர்க்காமல் முதலில் நாற்காலிப் பிரிட்ஜை எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள். அவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.